இன்று முதல் ஓய்வு

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த பெண் எங்கள் இன்சூரன்ஸ் கார்டை வாங்கி, கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, இது செல்லாது என்று திருப்பிக் கொடுத்தாள். செல்லாது என்றால் என்ன அர்த்தம்? கார்டின் மேலேயே அடுத்த வருஷம் வரைக்கும் தேதி போட்டிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கே தெரிகிறது, அவளுக்குத் தெரியாதா? விரலை வைத்துக் காட்டினேன். அவள் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து, கம்பெனியை விட்டு நின்றுவிட்டீர்களா என்று கேட்டாள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ரிடையர்டும்மா" என்றார், ஏதோ கப் வாங்கிய மாதிரி. ரிடையர் ஆன அன்றைக்கே கம்பெனி உங்கள் பேரை எடுத்துவிட்டது, ஆபரேஷன் வேண்டுமானால் பணம் கட்டித்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இந்த நிலைமை எதனால் என்று கேட்டால், ஒரு மாலையால் என்றுதான் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் பரசுராமன் ஒரகடம் பக்கத்தில் கார் சீட் தைக்கிற கம்பெனியில் பெர்மனென்ட். இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னபோது அவருக்கு இன்னும் இரண்டு மாசம் சர்வீஸ் இருந்தது. கம்பெனி இன்சூரன்ஸ் கார்டும் அப்போது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கே படுத்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ரிடையர் ஆகிற ஆளைச் சும்மா அனுப்ப மாட்டார்கள். கடைசி நாள் ஷிப்ட் முடிந்ததும் மாலை போட்டு, கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டில் உட்காரவைத்து, லைனில் கூட வேலை செய்த அத்தனை பேரும் மேளத்தோடு வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். தெருமுனையில் பிளக்ஸ், வீட்டில் பிரியாணி. இவர் எத்தனை பேருக்கு அப்படி மேளத்தின் முன்னால் ஆடிக்கொண்டு போயிருக்கிறார்! தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"மாலையோட எறங்கணும் மரகதம். நெஞ்சுல கட்டு போட்டுகினு கைத்தாங்கலா எறங்க சொல்றியா? எல்லாம் முடிச்சிட்டு நிம்மதியா படுத்துக்குறேன். கார்டு எங்க ஓடிடப் போவுது?" என்றார்.

நானும் தலையாட்டினேன். கார்டில்தான் தேதி இருக்கிறதே.

மாலையும் வந்தது, மேளமும் வந்தது. மணிமங்கலத்தில் எங்கள் தெரு திரும்புகிற இடத்தில் ஆள் உயரத்துக்குப் பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் அவருக்குக் கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் நான், தென்றல் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையில். தென்றல் எங்கள் ஒரே மகள், கல்யாணமாகிச் செங்கல்பட்டில் இருக்கிறாள். எங்கள் தலைக்கு மேல் பெரிய எழுத்தில் ‘இன்று முதல் ஓய்வு’ என்று போட்டு, கீழே கம்பெனி ஆட்களின் முகங்களை வரிசையாக அடித்திருந்தார்கள். அவருடைய கூட்டாளி டில்லிபாபு மட்டும் கூலிங் கிளாஸில் இருந்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால் மைக்கை வாங்கி நாலு வார்த்தை பேசினார். பேசியவர் திடீரென்று என் பக்கம் கையைக் காட்டி, "என் சம்சாரமும் இத்தினி வருஷம் ஓடிக்கினே இருந்துச்சு. இன்னியிலருந்து அதுக்கும் ரெஸ்ட்டு. அதுவும் வேலைய வுட்டு நின்னுக்கும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்வானேன், அப்படி ஒரு வார்த்தைக்கு நான் ஏங்கித்தான் கிடந்தேன்.

என் வேலை என்ன பெரிய வேலை? ஒரகடத்தில் வேறொரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குவது. கான்ட்ராக்ட். விடிவதற்குள் வேன் வந்துவிடும். வெங்காயமும் முட்டைக்கோஸும் மூட்டை மூட்டையாக நறுக்கிவிட்டு, நின்ற காலிலேயே நின்று, முட்டி இரண்டும் கழன்றுபோன மாதிரி திரும்பி வருவேன். வீட்டில் யாரும் அதை வேலை என்று சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், "சும்மா கேன்டீனுக்குப் போய் வருது" என்பார் இவர். சும்மா போய் வந்து பார்த்தால் தெரியும். இந்த மாசம் முடிந்ததும் நின்றுகொள்கிறேன் என்று மறுநாளே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அந்தச் செல்லாத கார்டோடு திரும்பி வந்தோம். வீட்டுக்கு வந்ததும் இவர் டில்லிபாபுவுக்குப் போன் போட்டார். டில்லிபாபுவுக்குத் தெரியாதது உலகத்தில் கிடையாது. அரை மணியில் வண்டியில் வந்து இறங்கி, இதற்கா பயந்தீர்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் எதற்கு இருக்கிறது, ரேஷன் கார்டையும் வருமானச் சான்றிதழையும் கொடுத்தால் ஆபரேஷன் இலவசம் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. டீ போட்டுக் கொடுத்தேன்.

இ-சேவை மையத்தில் எழுதிப் போட்டோம். வி.ஏ.ஓ. கூப்பிட்டு, என்ன வேலை, என்ன சம்பளம் என்று விசாரித்தார். இவர் உண்மையைச் சொன்னார். அந்தத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் இருக்க வேண்டுமாம். இவர் வாங்கின சம்பளம் அதைப்போல நாலு மடங்கு. இப்போதுதான் சம்பளமே இல்லையே என்று இவர் கேட்டதற்கு, போன வருஷம் இருந்ததே என்றார் வி.ஏ.ஓ. போன வருஷத்துச் சம்பளத்தை வைத்து இந்த வருஷத்து நெஞ்சை எப்படி அறுப்பது என்று நான் கேட்டேன். அந்த மனுஷன் நல்லவர், சிரித்துவிட்டார். அடுத்த வருஷம் வந்து எழுதிப் பாருங்கள் என்றார். அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லி அந்த அடைப்பிடம் யார் போய்ச் சொல்வது?

டில்லிபாபு அசரவில்லை. அப்படியானால் மத்திய அரசுத் திட்டம், அதில் வருமானமே கேட்க மாட்டார்கள் என்றார். அவர் சொன்னது சரிதான், வருமானம் கேட்கவில்லை. வயசைக் கேட்டார்கள். எழுபது ஆகியிருக்க வேண்டுமாம், இவருக்கு ஐம்பத்தெட்டு. இவர் அப்பாவுக்குக் கிடைக்கும், அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. பிறகு தென்றல் போனில் தனியார் இன்சூரன்ஸ் ஏதோ பார்த்துச் சொன்னாள். பணம் கட்டிச் சேரலாம், ஆனால் ஏற்கெனவே இருக்கிற வியாதிக்குச் சில வருஷம் கழித்துத்தான் தருவார்களாம். வியாதி இல்லாதவனுக்கு உடனே, வியாதி இருப்பவனுக்கு அப்புறம். இதை எந்த ஊர் நியாயம் என்று சொல்வது?

எனக்குத் தலை சுற்றியது. மாநில அரசு, மத்திய அரசு, கம்பெனி, தனியார் என்று ஆளுக்கு ஒரு கதவு. ஒரு கதவில் பணக்காரன் என்றார்கள், இன்னொரு கதவில் சின்னப் பையன் என்றார்கள், மூன்றாவது கதவில் நோயாளி என்றார்கள். ஒரே மனுஷன்தானே நிற்கிறார்!

கடைசியில் டில்லிபாபு, தொழிலாளிகளுக்குச் சம்பளத்தில் பிடித்து வைத்தியம் பார்க்கிற இ.எஸ்.ஐ.க்கு வந்தார். ரிடையர் ஆனவர்களுக்கும் அதில் வழி இருக்கிறது, வருஷத்துக்கு ஏதோ கொஞ்சம் கட்டினால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் பார்ப்பார்கள் என்றார். ஸ்ரீபெரும்புதூர் போய் விசாரித்தோம். அங்கே இருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார். இவர் சம்பளம் ஏறி இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே போய்ப் பல வருஷம் ஆகிறது, கடைசியாக வாங்கின சம்பளத்துக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்றார். எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. இனிமேல் இ.எஸ்.ஐ. வரிசையில் நிற்க வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்று அன்றைக்கு இவர் கால் கிலோ மைசூர்பா வாங்கிக்கொண்டு வந்தார். நானும் இரண்டு துண்டு தின்றேன்.

அந்த ஆபீஸ் படியில் இறங்கும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். முகம் வேர்த்து, உதடு வெளுத்துவிட்டது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எடுத்துக் கொடுத்துப் படியிலேயே உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "இன்னா மரகதம், எந்த லிஸ்ட்லயும் நான் இல்லியே" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. கத்தினால் பயம் தெரியாது என்று, எல்லாம் உன் மாலையால் வந்த வினை என்று நடுப்படியில் வைத்துக் கத்தினேன்.

மாசக் கடைசியில் கேன்டீன் கணக்கை முடிக்கப் போனேன். கான்ட்ராக்டர் ஆபீஸில் சத்யப்பிரியா என்று ஒரு பெண், எங்களுக்கு அட்டென்டன்ஸ் போடுகிறவள். நான் துவைத்து மடித்த ஏப்ரனையும் தலைத் தொப்பியையும் அவள் மேஜைமேல் வைத்தேன். திங்கட்கிழமை முதல் என் இடத்துக்கு வேறொரு அம்மா வருவதாக ஏற்பாடாகியிருந்தது. ஏன்க்கா முகம் இப்படி இருக்கிறது, சந்தோஷமாகத்தானே நிற்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் பாதிக் கதையில் நிறுத்தினாள்.

"இருங்கக்கா. உங்களுக்குத்தான் இங்க மாசா மாசம் இ.எஸ்.ஐ. புடிக்கிறாங்களே? அதுல அவரப் போட வேண்டியதுதானே?"

எனக்கு விளங்கவில்லை. அது என்னுடையது, அவரை எப்படிப் போடுவது என்றேன். புருஷன் கார்டில் பெண்டாட்டியைப் போடுவார்கள், பிள்ளை கார்டில் அப்பா அம்மாவைப் போடுவார்கள். பெண்டாட்டி கார்டில் புருஷனைப் போட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் கேன்டீனில் காய் நறுக்குகிற ஒருத்தியும் போட்டதில்லை. வேலைக்குச் சேரும்போது குடும்பத்தில் யார் யார் என்று கேட்டார்கள். அவருக்குக் கம்பெனியில் எல்லாம் இருக்கிறது, எனக்கும் சேர்த்து அவரே பார்த்துக்கொள்வார், எழுத வேண்டாம் என்று பெருமையாகச் சொன்னவள் நான்தான். அங்கே எல்லாரும் அப்படித்தான் சொன்னோம்.

சத்யப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாள். பெண்டாட்டி வேலைக்குப் போனாலும் புருஷன் குடும்பம்தான், ஆறு வருஷமாகப் பிடித்தம் போயிருக்கிறது, பெரிய ஆபரேஷனுக்கும் அனுப்புவார்கள், முதலில் அவர் பேரைச் சேர்க்க வேண்டும் என்றாள். பிறகு மேஜைமேல் இருந்த தொப்பியைப் பார்த்தாள்.

"ஆனா நீங்க நின்னுட்டா இது ரொம்ப நாளு ஓடாது. ஆபரேஷனோட முடியுமா, மாத்திரை, செக்கப்புன்னு வந்துகினே இருக்குமே. யோசிச்சுக்கோங்கக்கா."

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? முட்டிதான் யோசித்தது. திங்கட்கிழமை முதல் விடிந்த பிறகு எழுந்திருக்கலாம் என்று ஒரு மாசமாக நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. தொப்பியையும் ஏப்ரனையும் எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வேறொரு அம்மா வருகிறாள் என்றாயே என்று கேட்டேன். அந்த அம்மாவைப் பாத்திரம் கழுவுகிற பக்கம் போட்டுக்கொள்ளலாம், அங்கேயும் ஆள் இல்லை என்றாள் அவள்.

வீட்டில் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய் டி.வி.யைப் போட்டார். சத்தத்தைக் கூட்டினார். நான் போய் அணைத்தேன்.

"ஊரக் கூட்டி மைக்ல சொன்னேன், உன்ன உக்கார வெக்கிறேன்னு. இப்ப உன் காய் நறுக்குற கார்டுல போய் நான் படுக்கணுமா?" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "இத்தினி வருஷம் உன் கார்டுல நான் படுத்தேனே, எனக்குக் கேவலமா இருந்துச்சா? ஊரு கை தட்டிட்டுப் போயிடுச்சு. நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்த ஊரா வந்து என்கூட உக்காரும்? எனக்கு நீ வேணும்யா" என்றேன். இத்தனை வருஷத்தில் அப்படி அவரிடம் சொன்னதே இல்லை. அவரும் பயந்துவிட்டார் போல. சட்டையை மாட்டிக்கொண்டு எங்கே போக வேண்டும் என்று கேட்டார். ராத்திரி ஆகிவிட்டது, காலையில் போகலாம் என்றேன்.

மறுபடியும் அதே ஸ்ரீபெரும்புதூர் ஆபீஸ், அதே படி. இந்தத் தடவை ஒவ்வொரு படியாக நிறுத்தி ஏற்றினேன். உள்ளே இருந்தவர் எங்களை அடையாளம் தெரிந்துகொண்டு, உங்களுக்குத்தான் சொன்னேனே என்று ஆரம்பித்தார். இவங்க கார்டுக்கு வந்திருக்கிறோம் என்று என் வீட்டுக்காரர் என்னைக் காட்டினார். இன்சூரன்ஸ் இவங்க பேரிலா, அப்போ நீங்கள் என்று அந்த மனுஷன் கேட்டார். இவர் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் இவங்க குடும்பம் சார்" என்றார்.

அவ்வளவு சுலபமாக முடிந்துவிடவில்லை. ஆதாரில் ஒரு மாதிரியும் என் பழைய விவரத்தில் ஒரு மாதிரியும் இவர் பேர் இருந்ததைச் சரிசெய்ய அலைந்தோம். டிஸ்பென்சரிக்குப் போனோம், அங்கிருந்து சென்னை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், மறுபடியும் எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள். எந்த ஜன்னலில் என்ன கேட்பார்கள் என்று கடைசி வரைக்கும் எங்களுக்குப் புரியவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் அவர் மூச்சு வருகிறதா என்று கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். பகலில் முட்டைக்கோஸ் நறுக்கினேன், லீவு கிடைத்த நாளில் வரிசையில் நின்றேன்.

ஒரு நாள் வார்டுக்குக் கூப்பிட்டார்கள். பெஞ்சில் எங்களைப் போல நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, "மரகதத்தோட வீட்டுக்காரர் யாரு?" என்று கேட்டாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் என்னை எத்தனை தடவை பரசுராமன் ஒய்ஃப் என்று கூப்பிட்டிருப்பார்கள், என் பேர் இன்னதென்று ஒருத்தரும் கேட்டதில்லை. இவர் கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தென்றல் வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போனாள். டில்லிபாபு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து, நான்தானே இ.எஸ்.ஐ. என்று முதலில் சொன்னேன் என்றார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அவர் மெதுவாக நடக்கிறார். நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பதால், விடியற்காலையில் என்கூட வேன் நிற்கிற தெருமுனை வரைக்கும் வருகிறார். என் சாப்பாட்டுப் பையை அவர்தான் தூக்குகிறார், தொப்பியும் ஏப்ரனும் அதற்குள் இருக்கும். போன வாரம் போகிற வழியில், "நீ எப்பதான் நிப்ப?" என்று கேட்டார். நான் ரிடையர் ஆனால் அப்போது இந்தக் கார்டு என்னவாகும், வருஷத்துக்குக் கொஞ்சம் கட்டுகிற அந்த இ.எஸ்.ஐ. சலுகை நமக்குக் கிடைக்குமா, இல்லை எழுபதுக்குக் காத்திருக்க வேண்டுமா என்று நான் திருப்பிக் கேட்டேன். பிறகு நானே, சத்யப்பிரியாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதுவரைக்கும் முட்டி தாங்க வேண்டும்.

முனையில் அந்தப் பிளக்ஸ் இன்னும் இருக்கிறது. டில்லிபாபுவின் பக்கம் கிழிந்துவிட்டது. இவருடைய கோட்டு வெளுத்துப்போய்விட்டது, என் புடவை மட்டும் கொஞ்சம் கலர் மிச்சம் வைத்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அதற்குக் கீழே நின்றோம். அவர் தெருவிளக்கு வெளிச்சத்தில் அண்ணாந்து அந்தப் பெரிய எழுத்தைப் படித்தார். பிறகு என் பக்கம் பார்க்காமல், "இத்த அவுத்துடட்டுமா மரகதம்?" என்று கேட்டார்.

"இருக்கட்டும். சாயந்தரம் வேன்லருந்து எறங்கும்போது வெயிலுக்கு நெழல் குடுக்குது" என்றேன்.

வேன் வந்தது. பையை வாங்கிக்கொண்டு ஏறினேன்.